தொண்டையார்பேட்டை டைல்ஸ் வீட்டுக்கு விலை உயர்ந்த வாக்குவம் கிளீனர்: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

தொண்டையார்பேட்டையில் எண்ணூர் விரைவுச் சாலைக்குப் பக்கத்தில் முதல் மாடியில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு, தரையில் உருட்டி இழுத்துச் செல்லும் பெட்டி வகை வாக்குவம் கிளீனர் ஒன்றை 50,000 ரூபாய் வரை கொடுத்து வாங்கலாம் என்றிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பை வைத்த மீலே காம்ப்ளீட் சி3, பையில்லாத சுழற்காற்று வகை ஒன்று, விற்பனையாளர் வீட்டுக்கே வந்து செய்து காட்டிவிட்டுப் போன, உங்கள் தொகையைத் தாண்டும் தண்ணீர் வடிகட்டி வகை ஒன்று, இந்த மூன்றில் எது சிறந்தது என்று கேட்கிறீர்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் மைத்துனர் அங்கே விலை குறைவு, வரும்போது கொண்டுவருகிறேன் என்று சொல்வதையும் சேர்த்திருக்கிறீர்கள். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: அம்மாவுக்கு வீசிங் உண்டு, பெருக்கினாலே இருமல் வந்துவிடுகிறது, தரை முழுவதும் டைல்ஸும் மொசைக்கும்தான், கம்பளம் ஒன்றே ஒன்று. உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே, உறிஞ்சிய தூசியை எந்த இயந்திரம் மறுபடி அறைக்குள் விடாமல் வைத்திருக்கும், அந்த வேலையை எது நம் ஊரில் பல ஆண்டுகள் செய்யும் என்பதற்கே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நான் மின்பொறியியலில் டிப்ளமோ முடித்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வண்ணாரப்பேட்டையில் மிக்ஸி, கிரைண்டர், வாக்குவம் கிளீனர் முதலிய மோட்டார் உள்ள வீட்டுப் பொருள்களைப் பழுதுபார்த்து வருகிறேன். இந்த அனுபவத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழுதான இயந்திரங்கள் மட்டுமே என் மேசைக்கு வருகின்றன. ஒரு நிறுவனத்தின் இயந்திரம் வராமல் இருப்பதற்கு அது கெடாமல் ஓடுவதும் காரணமாக இருக்கலாம், இந்தப் பகுதியில் அதை யாரும் வாங்காததும் காரணமாக இருக்கலாம். விலை உயர்ந்த ஐரோப்பிய இயந்திரங்கள் என் கைக்கு வந்தது குறைவு. ஆகையால், 20 ஆண்டுப் பயன்பாட்டுக்கு ஈடாகச் சோதிக்கிறோம் என்று மீலே நிறுவனம் சொல்வதை அந்த நிறுவனத்தின் வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்கிறேன். என் சாட்சியாக அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். நம் வீடுகளில் வாக்குவம் கிளீனர் மோட்டார் எரிந்து ஓய்வதைவிட, எடுத்து வைப்பது தொந்தரவாக இருக்கிறது என்று பரணில் ஏறி ஓய்வதே அதிகம். பழுதுக்கு வரும் இயந்திரங்களில் பாதிக்கு மேல் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக் கொண்டுவரப்பட்டவை என்பது அவற்றின் மேல் படிந்த தூசியிலேயே தெரியும்.

முதலில் உறிஞ்சும் திறனைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 1,600 வாட், 2,000 வாட் என்பவையெல்லாம் இயந்திரம் மின்சாரத்தைத் தின்னும் அளவு. அது தூசி எடுக்கும் அளவு வேறு. கிலோபாஸ்கலில் குறிப்பிடப்படும் இழுவிசை, குழாயின் வாயை முழுவதும் அடைத்து வைத்து அளந்தது. நொடிக்கு இத்தனை லிட்டர் என்று குறிப்பிடப்படும் காற்றோட்டம், வாயை முழுவதும் திறந்து வைத்து அளந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. உதாரணத்துக்கு, 24 கிலோபாஸ்கலும் நொடிக்கு 40 லிட்டரும் என்று போட்டிருந்தால், நடைமுறையில் கிடைக்கும் உச்சம் ஏறத்தாழ அவற்றின் பாதிகளின் பெருக்கல், அதாவது 12 கிலோபாஸ்கலும் 20 லிட்டரும் சேர்ந்த 240 வாட் காற்றுத் திறன்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் வாக்குவம் கிளீனர்களின் மின்திறனுக்கு 1,600 வாட் என்று உச்சவரம்பு வைத்து, 2017 செப்டம்பரில் அதை 900 வாட்டாகக் குறைத்தது. அங்கே வீடுகள் அழுக்காகிவிடவில்லை. நிறுவனங்கள் குழாயின் நுனியில் தரையைத் தொடும் தரைமுனையையும் காற்றுப் பாதையையும் திருத்தி அமைத்துச் சமாளித்தன. எனவே 2,000 வாட் என்ற எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. மேலும், 2,000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர், நம் பழைய வீடுகளின் 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் அதைத் தாங்காது, சாக்கெட் கருகி நாறும். 900 வாட் இயந்திரத்துக்கு 4 ஆம்பியருக்கும் குறைவாகவே போதும்.

டைல்ஸ் தரையிலிருந்து தூசியை எடுக்க, ஆழமான கம்பளத்திலிருந்து எடுப்பதற்குத் தேவையான இழுப்பில் சிறு பகுதியே வேண்டும். அங்கே வேலையைச் செய்வது தரைமுனை. வெளிநாட்டு மதிப்புரைகளில் புகழப்படும் மிக விலை உயர்ந்த வடிவங்களில் தனி மோட்டாரோடு சுழலும் பிரஷ் இருக்கும். அது சுவருக்குச் சுவர் கம்பளம் விரித்த வீடுகளுக்காகச் செய்யப்பட்டது. நம் வீட்டில் அது டைல்ஸ் மேல் உருண்டு மணலையும் அரிசி நொய்யையும் சிதறடிக்கும், பெண்களின் நீளமான தலைமுடியைச் சுற்றிக்கொண்டு நிற்கும். அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பி நெளிகுழாய்க்குள்ளேயே ஓடுவதால், குழாய் பழுதானால் மாற்றும் செலவும் அதிகம். உங்களுக்கு வேண்டியது மென்மையான மயிர் வைத்த, அகலமான, சுழலாத தரை பிரஷ். முன்விளிம்பு தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பெரிய துகள்களை உள்ளே இழுக்காமல் முன்னால் தள்ளிக்கொண்டே போகும்; மயிர் வரிசையில் இடைவெளி விட்டிருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஒரே வடிவம் வெவ்வேறு துணைக்கருவிகளோடு வெவ்வேறு விலையில் வருவதால், இந்தப் பிரஷ் பெட்டிக்குள்ளேயே வருகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஜெர்மனியின் ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட், பிரிட்டனின் விச் போன்ற நுகர்வோர் அமைப்புகளின் சோதனைகளைப் படித்தால், மொத்த மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டு, கடினத் தரை, இடுக்குகள், வெளியேறும் தூசி ஆகிய மூன்றுக்குக் கொடுத்தவற்றை மட்டும் பாருங்கள்.

இனி, பணம் உண்மையாகவே எங்கே வேலை செய்கிறது என்பதற்கு வருகிறேன். காற்று தரைமுனையில் நுழைந்து, பையைக் கடந்து, மோட்டாருக்கு முன்னால் இருக்கும் சிறு வடிகட்டியைக் கடந்து, மோட்டாரைக் குளிரவைத்துவிட்டு, கடைசி வடிகட்டி வழியாக வெளியே வருகிறது. மோட்டாருக்கு முன்னால் உள்ள பகுதியில் அழுத்தம் குறைவு. அங்கே விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், இழுப்பு குறையும், அவ்வளவுதான். மோட்டாருக்குப் பின்னால் அழுத்தம் கூடுதல். அங்கே ஓர் இடைவெளி இருந்தால் கடைசி வடிகட்டியைத் தொடாமலேயே காற்று தூசியோடு அறைக்குள் வந்துவிடும். ஐரோப்பிய அளவுகோலில் எச்13 என்று தரம் பெற்ற ஹெப்பா வடிகட்டி, பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுள்ள நுண்துகள்களில் 99.95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். பத்தாயிரத்தில் 5 மட்டுமே தப்பலாம். அதற்கு ஒரு படி கீழே உள்ள 12 என்ற தரத்தில் 99.5 சதவீதம், பத்தாயிரத்தில் 50 தப்பலாம். பத்து மடங்கு வித்தியாசம் என்று விளம்பரம் சொல்லும், அது உண்மையும்கூட. ஆனால் வடிகட்டிச் சட்டம் சரியாகப் பொருந்தாமல் காற்றில் நூற்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விட்டால், பத்தாயிரத்தில் 100 துகள் அந்த வழியிலேயே தப்பிவிடும். அப்புறம் 12 ஆனால் என்ன, 13 ஆனால் என்ன? கொசுவலையின் கண் எத்தனை நுண்ணியதாக இருந்தாலும், ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகாவிட்டால் என்ன பயனோ அதே பயன்தான்.

ஆகவே விலை உயர்ந்த இயந்திரத்துக்கும் நடுத்தர விலை இயந்திரத்துக்கும் இடையில் நான் மதிக்கும் வேறுபாடு, மூடியைச் சுற்றி ஓடும் ரப்பர் கேஸ்கட், வடிகட்டிச் சட்டம் கிளிக் என்று உட்காரும் விதம், பையின் வாயில் உள்ள கழுத்துத் துண்டு ஆகிய மூன்றில் இருக்கிறது. மலிவான பல இயந்திரங்களில் ஹெப்பா என்று எழுதிய நல்ல வடிகட்டியே இருக்கும்; அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடு இரண்டு ஆண்டில் வளைந்துவிடும். அப்படி வந்தவற்றைத் திறந்தால், வடிகட்டியின் நடுப்பகுதி ஓரளவு சுத்தமாகவும், கூட்டின் ஓரங்கள் கரிய கோடுகளாகவும் இருக்கும். காற்று எந்த வழியில் போனது என்பதற்கு அந்தக் கோடுகளே சாட்சி. கடையில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கறுப்புத் துணியில் ஒரு தேக்கரண்டி முகப்பவுடரைக் கொட்டி இயந்திரத்தால் எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மூடியின் ஓரத்திலும் காற்று வெளியேறும் இடத்திலும் சாய்வாக அடித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் வெளிச்சக் கற்றையில் புகைபோல் தெரியும். மிக நுண்ணிய துகள்களை இந்தச் சோதனை காட்டாது. பெரிய ஓட்டைகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பையைப் பற்றி நம் ஊரில் ஒரு வெறுப்பு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து வாங்க வேண்டுமே என்பதுதான் காரணம். துணிப் பையாக இருந்தால் அந்த வெறுப்பு நியாயமே: துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் துணிப்பை நுண்தூசியைக் கடத்திவிடும், உதறும்போது உதறுபவரின் மூக்குக்கே போகும். பல அடுக்குகள் கொண்ட, நெய்யாத செயற்கை இழைப்பை வேறு சங்கதி. தூசியில் பெரும்பகுதி அதிலேயே நின்றுவிடுவதால் பின்னால் உள்ள ஹெப்பா நீண்ட நாள் உழைக்கும். நிறைந்ததும் வாயை மூடிக்கொள்ளும் பையை அப்படியே எடுத்துக் குப்பையில் போடலாம். நீங்கள் குறிப்பிட்ட சி3-க்குப் பொருந்துவது ஜிஎன் எனப்படும் வகை, கொள்ளளவு 4.5 லிட்டர். அதே நிறுவனத்தின் சிறிய காம்பாக்ட் வரிசைக்கு எஃப்ஜேஎம் வகை, 3.5 லிட்டர். ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது.

ஆனால் நம் வீட்டுத் தூசிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. கோலமாவு, விபூதி, ஊதுவத்திச் சாம்பல், சுவரில் துளை போட்ட சிமென்ட் பொடி ஆகியவை பை கால்வாசி நிறைவதற்குள்ளேயே அதன் துளைகளை அடைத்துவிடும். பை நிறையவில்லையே, ஏன் இழுக்கவில்லை என்று கொண்டுவருபவர்களின் பையில் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் இருக்கும். உலர் வகை இயந்திரத்தின் மோட்டார், உறிஞ்சிய காற்றாலேயே குளிர்கிறது. அடைத்துக்கொண்ட பையோடு ஓட்டினால் மோட்டார் சூடேறிப் பாதுகாப்பு சுவிட்ச் நிறுத்திவிடும். அந்த சுவிட்ச் இல்லாத மலிவு வகையில் மோட்டாரின் கம்பிச்சுருளே எரிந்துவிடும். வாசல் கோலத்தையும் பூஜை அறைச் சாம்பலையும் ஈரத்துணிக்கு விட்டுவிடுங்கள். அணையாத ஊதுவத்தி முனையோ போகிச் சாம்பலின் கங்கோ உள்ளே போனால் பையே தீப்பிடிக்கும்.

காற்றை வேகமாகச் சுழற்றித் தூசியைப் பிரித்துக் கலத்தில் விழவைக்கும், பையில்லாத சுழற்காற்று வகையின் தத்துவம் நல்லது. மர அறுவை ஆலைகளில் தூசி பிரிக்கும் கூம்புகளைப் பார்த்து ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்து வீட்டு இயந்திரமாக ஆக்கினார் என்பது பலருக்கும் தெரிந்த வரலாறு; அவர் பெயரிலேயே பிரிட்டனில் முதல் இயந்திரம் 1993-ல் வந்தது. பை அடைத்து இழுப்பு குறையும் தொல்லை அதில் குறைவு. ஐரோப்பாவில் வாக்குவம் கிளீனர்களுக்கு ஒட்டப்பட்ட மின்சேமிப்பு முத்திரை, காலியான தூசிக்கலத்தோடு மட்டும் சோதித்ததால் நடைமுறையைக் காட்டவில்லை என்று டைசன் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2018 நவம்பரில் அந்த முத்திரை விதியையே ரத்து செய்தது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் உங்கள் வீட்டுக்கு இந்த வகையை நான் சொல்லத் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள். கலத்தைக் கொட்டும்போது எழும் புழுதி ஒன்று. அன்று முழுவதும் கஷ்டப்பட்டுப் பிடித்த நுண்தூசியில் ஒரு பகுதி அந்த ஒரு நொடியில் காற்றில் கலந்துவிடும். வீசிங் உள்ளவர் இருக்கும் வீட்டில் இதைச் செய்பவர் மொட்டை மாடிக்குப் போய், முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். வடிகட்டியைக் கழுவி உலர்த்துவது இரண்டாவது. ஒரு நாள் முழுக்க உலரட்டும் என்று கையேட்டில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கத்தில் ஒரு நாளில் அது உலராது. அரைகுறை ஈரத்தோடு போட்டு ஓட்டினால் பூஞ்சை வாடை வரும், மோட்டாருக்கும் ஆகாது.

தண்ணீர் வடிகட்டி வகையைப் பற்றி விற்பனையாளர் சொன்னதில் பாதி உண்மை. தண்ணீரில் விழுந்த தூசி திரும்பப் பறக்காது. ஆனால் காற்று தண்ணீர் வழியாகக் குமிழிகளாகப் போகிறது. குமிழிக்கு நடுவில் இருக்கும் மிக நுண்ணிய துகள் தண்ணீரைத் தொடாமலே மேலே வந்துவிடும். அதனால்தான் அந்த வகையிலும் நல்லவற்றில் கடைசியில் ஒரு ஹெப்பா வைக்கிறார்கள். அப்படியானால் நுண்தூசியைப் பிடிப்பது அங்கேயும் ஹெப்பாதான். ஒவ்வொரு முறையும் கலத்தில் தண்ணீர் நிரப்பி, முடிந்ததும் சேற்றைக் கொட்டி, கழுவி, உலர்த்தி வைக்க வேண்டும். மறந்து இரண்டு நாள் விட்டால் சாக்கடை நாற்றம். எடையும் அதிகம். பரணுக்கு மிக வேகமாக ஏறும் வகை இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

அவர் செய்து காட்டிய வித்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் மெத்தையில் இயந்திரத்தை வைத்து, இடையில் கறுப்புத் துணியைச் செருகி, இவ்வளவு அழுக்கிலா படுக்கிறீர்கள் என்று காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். 1980களில் யுரேகா ஃபோர்ப்ஸ் விற்பனையாளர்கள் கழுத்தில் டையோடு வீடு வீடாக ஏறி இறங்கிய காலத்திலிருந்து நம் ஊர் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறது. எந்த மெத்தையிலும், எந்த இயந்திரமும், எத்தனையாவது முறை வைத்தாலும் துணியில் தூசி விழத்தான் செய்யும். முதலில் உங்கள் பழைய இயந்திரத்தையும் அடுத்து அவருடையதையும் வைத்தால் அவருடையது ஜெயித்ததுபோல் தோன்றும். வரிசையை மாற்றி வைத்துக் காட்டச் சொல்லியிருந்தால் உங்கள் பழையது ஜெயித்திருக்கும்.

இப்போது உங்கள் தாயாரின் விஷயம். நான் மருத்துவன் இல்லை. அவருக்கு எது ஒவ்வாமை என்பதை மார்புநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அதைத் தெரிந்துகொள்வதற்கு முன் 50,000 ரூபாயைச் செலவழிக்க வேண்டாம். உறுதியாகத் தெரிந்தவை சில: பூந்துடைப்பத்தால் உலர்ந்த தரையைப் பெருக்கினால் தூசி மூக்கு உயரத்துக்கு எழும்பும், மூடல் சரியாக உள்ள இயந்திரம் அப்படி எழுப்பாது. கடலோர ஈரப்பதத்தில் படுக்கையில் தூசிப்பூச்சிகள் செழிக்கும். அவற்றின் எச்சமே ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம். மெத்தைக்குள் இருக்கும் உயிருள்ள பூச்சிகளை எந்த வாக்குவம் கிளீனரும் முழுவதும் இழுத்துவிடாது. இறுக்கமான நெசவுள்ள உறையால் மெத்தையையும் தலையணையையும் மூடுவதும், விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதும் அதைவிட நன்றாக வேலை செய்யும். சந்தேகமாக இருப்பது, ஹெப்பா வாக்குவம் கிளீனர் வாங்கினால் ஆஸ்துமா குறையுமா என்பது. ஆய்வுகள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. தூசி குறைவதைக் காட்டுவது எளிதாக இருக்கிறது, மூச்சிரைப்பு குறைவதைக் காட்டுவது அவ்வளவு எளிதாக இல்லை. எந்த இயந்திரமானாலும் ஓடும்போதும், ஓடி முடிந்து அரை மணி நேரமும் தாயார் வேறு அறையில் இருக்கட்டும். பை மாற்றும் வேலை அவருக்கு வேண்டாம்.

ஜன்னல் விளிம்பில் படியும் கரிய தூசியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்படுவது நின்று எண்ணூர்ப் பக்கம் போனதால், ராயபுரம் வீடுகளின் கறுப்பு பெருமளவு குறைந்தது என்று அங்குள்ள வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். உங்கள் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகையும் டயர்த் தூளும் சாலைப் புழுதியும் இருக்கவே இருக்கின்றன. இந்தத் தூசியில் எண்ணெய்ப் பசை கலந்திருப்பதால் பிரஷ் வைத்து உறிஞ்சினால் பாதி அங்கேயே தேய்ந்து கறையாகும். முதலில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஜன்னல் தண்டவாளத்தின் இடுக்கை மட்டும் ஒடுங்கிய முனையால் எடுங்கள். வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கும் நுண்தூசியை வாக்குவம் கிளீனர் தடுக்காது. லாரி நெரிசலான நேரத்தில் சாலைப் பக்கத்து ஜன்னலை மூடிவைப்பதற்கு மாற்று எதுவும் இல்லை.

உப்புக்காற்றைப் பற்றி. கடற்கரையிலிருந்து சில தெருக்களுக்குள் இருக்கும் வீடுகளிலிருந்து வரும் இயந்திரங்களில், மின்கம்பியைத் தானே சுருட்டிக்கொள்ளும் அமைப்பின் செப்பு வளையங்கள் பச்சை பூத்து, தொட்டும் தொடாமலும் மின்சாரம் விட்டு விட்டு வருவதை அடிக்கடி பார்க்கிறேன். பலர் மோட்டார் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். வளையத்தைத் துடைத்தால் ஓடிவிடும். மோட்டாரில் தேய்வது, சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டான கார்பன் பிரஷ். அது சிறு செலவு, பொருத்தமான அளவு ரிச்சி தெருவிலோ பாரிமுனைச் சந்துகளிலோ பெரும்பாலும் கிடைத்துவிடும். மின்னணுப் பலகை போனால்தான் கஷ்டம். நிறுவனத்தைத் தவிர வேறு வழி இல்லை. தொடுதிரையும் கைப்பிடியில் வயர்லெஸ் பொத்தானும் உள்ள உச்ச வடிவத்தைவிட, காலால் மிதிக்கும் சுவிட்சும் திருகும் குமிழும் உள்ள அடிப்படை வடிவத்தை நான் விரும்புவதற்கு இதுதான் காரணம். இரண்டுக்கும் பெரும்பாலும் மோட்டார் ஒன்றே.

என் தீர்ப்பு இதுதான். பை வைத்த, மூடல் இறுக்கமான இயந்திரத்தை வாங்குங்கள். சி3 அந்த வகைக்கு நல்ல உதாரணம், ஆனால் அதன் விலை குறைந்த வடிவத்தில் எச்13 வடிகட்டி உள்ளே வராமல் இருக்கலாம் என்பதால், தரை பிரஷையும் அந்த வடிகட்டியையும் தனியாக வாங்கிச் சேர்த்தால் என்ன விலை ஆகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் பையையும் வடிகட்டியையும் இன்றே எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆர்டர் போட்டால் வரும் என்ற பதில் போதாது. செலவையும் எழுதிப் பாருங்கள்: ஒரு பை 300 ரூபாய், ஆண்டுக்கு ஆறு என்று வைத்துக்கொண்டால் 1,800 ரூபாய், பத்து ஆண்டில் 18,000. ஆண்டுக்கொரு முறை, அல்லது 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை, மாற்ற வேண்டிய வடிகட்டி இதற்கு மேல். இந்தத் தொகை கனக்கிறது என்றால், பை போடும் வசதியுள்ள நடுத்தர விலை இயந்திரம் ஒன்றை, மேலே சொன்ன டார்ச் சோதனையில் தேறினால், மனக்குறை இல்லாமல் வாங்கலாம். பையை மாற்றாமல் ஓட்டும் உயர்ந்த இயந்திரத்தைவிட, ஒழுங்காக மாற்றி ஓட்டும் நடுத்தர இயந்திரம் உங்கள் தாயாருக்கு நல்லது. அட்டைப்பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அதிகபட்ச சில்லறை விலையும் அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சட்டப்படி இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அது குருவிகள், அதாவது பெட்டியில் சரக்கு சுமந்து வரும் விமானப் பயணிகள், வழியாக வந்த சரக்காக இருக்கலாம், அதற்கு இங்கே உத்தரவாதம் கேட்க ஆள் இருக்காது.

மைத்துனர் அமெரிக்காவிலிருந்து இயந்திரத்தைக் கொண்டுவரவே வேண்டாம். அங்கே மின்சாரம் 120 வோல்ட். அந்த மோட்டாரை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எகிறிச் சுற்றிக் கருகிவிடும். இடையில் போட வேண்டிய டிரான்ஸ்ஃபார்மரோ இயந்திரத்தைவிடக் கனமாக இருக்கும். அதையும் இழுத்துக்கொண்டு யாரும் அறை அறையாகப் போகப்போவதில்லை. சிங்கப்பூர், துபாய் என்றால் வோல்ட் பொருந்தும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும், ஆனால் உத்தரவாதம் பொதுவாகக் கடல் தாண்டாது. பைக்கும் வடிகட்டிக்கும் வோல்ட் கிடையாது. நீங்கள் சி3-ஐ இங்கே வாங்கினால், மைத்துனரிடம் ஜிஎன் என்று அச்சிட்ட பைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு பெட்டியில் நான்கு பையும், மோட்டாருக்கு முன் போடும் வடிகட்டியும் சேர்ந்தே வரும். ஐந்தாறு பெட்டி வைத்தாலும் சூட்கேஸில் எடை தெரியாது.